ஓடி முடித்தவர்கள்

மனித வாழ்வுக்கு உவமை தேடாத நாடு இல்லை. ஆறென்றார் சிலர், தோணியென்றார் சிலர், நீர்க்குமிழி என்றாரும் உளர். ஆறு பள்ளம் நோக்கித் தானே ஓடும். தோணி நீரின் போக்கிலே செல்லும். குமிழி தோன்றித் தானே மறையும். இவற்றுள் எதற்கும் முயற்சி வேண்டியதில்லை. மனிதனோ தன் காலால் நடந்து, தன் மூச்சை இழுத்து, தன் வழியைத் தானே கடக்க வேண்டியவன். இதனை உணர்ந்து வாழ்வை ஓட்டப் பந்தயத்துக்கு ஒப்பிட்டவர் ஒருவர் உண்டு. தர்சு என்னும் நகரிற் பிறந்து, கூடாரத் தொழில் செய்து பிழைத்து, கிறிஸ்துவின் செய்தியைக் கடல் கடந்து கொண்டுசென்ற பவுல் அடியாரே அவர். நம் கத்தோலிக்க அன்பர்கள் முன்னாளிற் சின்னப்பர் என்று அழைத்தவரும் அவரே.

திருநீறு பூசும் சைவனுக்குப் பவுலின் உவமையோடு என்ன உறவு என்று நேயர் சிலர் வினவக்கூடும். உறவு உண்டு. பசறையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையின் முடிவிலே, மடுல்சீமை மலையில் வாழ்கின்றவர்கள் நாம். இங்கே பிள்ளை பாடசாலைக்குச் செல்வதும் ஏற்றம். தாய் கொழுந்து மலைக்குச் செல்வதும் ஏற்றம். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும் நெடுவழி. தூரம் என்பது என்ன, களைப்பு என்பது என்ன என்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றியும், நல்ல மலர் அயல்வீட்டு வேலிக்குள்ளே பூத்தாலும் அதன் மணம் நம் முற்றத்துக்கும் வரும் அன்றோ?

கொரிந்து நகரில்

கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரில் பவுல் ஒன்றரை ஆண்டுக் காலம் தங்கியிருந்தார். கி.பி. 50ஆம் ஆண்டை ஒட்டிய காலம் அது. அந்நகருக்கு அருகே, இரு கடல்களுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரு விளையாட்டு விழா நடைபெறும். ஒலிம்பியா விழாவுக்கு அடுத்த சிறப்புடையனவாக எண்ணப்பட்ட விழாக்களுள் அதுவும் ஒன்று. திரள் திரளாக மக்கள் வந்து தங்கும் அவ்விழாவிலே கூடாரத் தொழிலாளிக்கு வேலைக்குக் குறைவிருந்திராது. பவுல் ஓட்டப் பந்தயத்தை நூலிற் படித்தறிந்தவர் போல எழுதவில்லை; கண்ணாற் கண்டவர் போலவே எழுதுகிறார்.

அக்காலத்து ஓட்டக்களம் இன்றுள்ளது போல வட்டமானது அன்று. நீண்ட நேர்க்களம், அதன் நீளம் ஏறத்தாழ 200 மீற்றர். குறுந்தூர ஓட்டக்காரன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒருமுறை ஓடினாற் போதும். நெடுந்தூர ஓட்டக்காரனோ இரு முனைகளிலும் நாட்டிய கம்பங்களைச் சுற்றி மீண்டும் மீண்டும் ஓடுவான். சில விழாக்களில் இது 24 தடவை வரை சென்றது. நம் கணக்கிலே நாலரைக் கிலோமீற்றருக்கு மேல். உடுத்த துணியும் ஓட்டத்துக்குத் தடை என்று அதனையும் களைந்துவிட்டே அவர்கள் ஓடினார்கள். வென்றவனுக்குக் கிடைத்த பரிசு யாது? பொன்னன்று, பொருளன்று. கொரிந்து விழாவிலே பைன் தழையாலோ செலரிக் கீரையாலோ கட்டிய ஒரு வாகை. நாலு நாளில் வாடிவிடும் வாகை. அதுவும் முதலாவதாக வந்தவனுக்கு மட்டுமே. இரண்டாமிடம் மூன்றாமிடம் என்று எவரையும் அங்கே மதிப்பதில்லை.

வாடிப்போகும் தழைக்காக மனிதர் இத்தனை மாதம் உணவைக் கட்டுப்படுத்தி, உறக்கத்தை ஒழுங்குபடுத்தி, உடலை வருத்துகிறார்களே. வாடாத ஒன்றை நாடுகிறவன் எவ்வளவு கட்டுப்பாட்டோடு வாழவேண்டும் என்று கொரிந்து மக்களுக்கு எழுதிய திருமுகத்திலே அவர் கேட்கிறார். எல்லை எது என்று தெரியாமல் ஓடுகிறவன் தாம் அல்லர் என்றும் சொல்கிறார். பரிசு பெறுபவன் ஒருவனே என்பதையும் அங்கே நினைவூட்டுகிறார்.

ஆண்டுகள் பல கடந்தன. தடியடியும் கல்லடியும் பட்டு, கப்பல் உடைந்து கடலில் மிதந்து, இறுதியில் உரோமாபுரிச் சிறையிலே கிடந்து, தம் மாணாக்கரான தீமோத்தேயுவுக்கு அவர் எழுதியதாக மரபு கூறும் கடைசித் திருமுகத்தில் அதே ஓட்டப் பந்தயம் மறுபடியும் வருகிறது. ஆனால் இரண்டு மாறுதல்கள் அதில் உள. முதலாவது, தாம் வென்றதாக அவர் கூறவில்லை; பிறரை முந்தியதாகவும் கூறவில்லை; ஓட்டத்தை முடித்துவிட்டதாக மட்டுமே கூறுகிறார். இரண்டாவது, தமக்கென வைத்திருக்கும் வாகை தமக்கு மட்டும் உரியதன்று, ஆண்டவரின் வருகையை விரும்பிக் காத்திருக்கும் எல்லோர்க்கும் உரியது என்கிறார். இளைப்பறியாத காலத்தில் "ஒருவனுக்கே பரிசு" என்று தொடங்கிய உவமை, தலை நரைத்துச் சங்கிலி பூண்ட காலத்திலே "முடித்தவர் எல்லோர்க்கும் பரிசு" என்று கனிந்துவிட்டது. களத்து ஓட்டத்துக்கும் கிறிஸ்தவ வாழ்வு என்னும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கடைசியாக வந்த இலங்கையர்

முடித்தலே வெற்றி என்பது தோற்றவனைத் தேற்றுதற்குச் சொல்லும் வார்த்தை என்று எண்ணுவார் உண்டு. அவர்கட்கு நம் நாட்டவர் ஒருவரின் வரலாற்றை நினைவூட்டலாம்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள், யப்பான் தேசத்து டோக்கியோ நகரிலே ஒலிம்பிக் 10,000 மீற்றர் ஓட்டம் நடைபெற்றது. ஓடவேண்டியது 25 சுற்று. எவரும் எதிர்பாராத வண்ணம் அமெரிக்கப் பழங்குடி இளைஞரான பில்லி மில்ஸ் கடைசிக் கணத்தில் முந்திப் பாய்ந்து, 28 நிமிடம் 24.4 விநாடியில் முதலிடம் பெற்றார். உலகம் அந்த வெற்றியை வியந்தது. பந்தயம் முடிந்தது என்று எல்லோரும் எண்ணிய வேளையிலே, மார்பில் 67ஆம் இலக்கம் தாங்கிய ஒருவர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். அவர் இலங்கைத் தரைப்படை வீரர் ரணதுங்க கருணானந்த.

ஏனையோர் ஓடி முடித்துவிட்டனர். இயலாதோர் சிலர் இடையிலேயே விலகிவிட்டனர். இவரும் விலகியிருக்கலாம், குறைகூற எவரும் இல்லை. உடல் நலம் குன்றிய நிலையிலேதான் இவர் களத்தில் இறங்கினார் என்பர். கூட்டத்திற் சிலர் முதலில் நகைத்தனர். ஒரு சுற்று முடிந்தது, அவர் நிற்கவில்லை. நகைப்பு அடங்கியது. மறு சுற்றும் ஓடினார். அரங்கம் முழுவதும் கைதட்டத் தொடங்கியது. கடைசிச் சுற்றிலே அவர் எல்லைக் கோட்டை அடைந்தபோது, முதலாவதாக வந்தவருக்கு எழுந்த ஆரவாரத்துக்குக் குறையாத ஆரவாரம் எழுந்தது. அவர் எடுத்துக்கொண்ட நேரம் 34 நிமிடம் 21.2 விநாடி. முதல்வருக்கும் இவருக்கும் இடைவெளி ஆறு நிமிடம்.

வீட்டிலே தமக்கொரு சிறு மகள் உண்டென்றும், உன் தந்தை தோற்றாலும் இறுதிவரை ஓடினார் என்று ஒருநாள் அவளுக்குச் சொல்லலாம் என்றும் அவர் பின்னர் கூறியதாகச் சொல்வர். யப்பானியர் அவர் கதையைத் தம் பிள்ளைகளின் பாடநூலிலே சேர்த்தனர். பந்தயம் பார்க்கச் சென்றவர்கள் எத்தனையோ வெற்றிகளை மறந்திருப்பர். கடைசியாக வந்த இலங்கையரை மறக்கவில்லை.

கருணானந்த கிறிஸ்தவர் அல்லர். பவுலின் திருமுகத்தை எண்ணி ஓடினாரும் அல்லர். ஆயினும் கிழவர் பவுல் சிறையிலிருந்து சொன்னது யாது என்று கேட்கும் பிள்ளைக்கு, இந்த ஓட்டத்தைக் காட்டிலும் தெளிவான விளக்கம் வேறு கிடைப்பது அரிது.

நடுவழி

குறுந்தூர ஓட்டத்துக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கும் தூரம் மட்டுமே வேறுபாடு என்று எண்ணுதல் பொருந்தாது. நூறு மீற்றர் ஓடுபவன் மூச்சடக்கிப் பாய்ந்தாற் போதும். நெடுந்தூரம் ஓடுபவன் தொடக்கத்திலே தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும். முதல் மைலிலே முந்திப் பாய்ந்தவன் கடைசி மைலிலே காணாமற் போவான்.

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர். உடலிலே மாச்சத்தாகச் சேமித்து வைத்த வலு, பலருக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டியதும் தீர்ந்துபோகிறது. அதன்பின் கால்கள் ஈயக்குண்டு போலக் கனக்கும். மனம் "நின்றுவிடு" என்று மன்றாடும். தொடக்கத்துக் கொடியசைப்பும் கைதட்டலும் நெடுந்தூரம் பின்னே போய்விட்டன. முடிவோ இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஓட்டக்காரனைச் சோதிக்கும் இடம் அந்த நடுவழியே.

எங்கள் பகுதிப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னதாக மரதன் ஓட்டம் நடைபெறும். சில ஆண்டுகளின் முன் அத்தகைய ஓட்டம் ஒன்றிலே, பரிசுக்குரியோர் எல்லோரும் வந்து, தேநீரும் குடித்து, கலைந்து செல்லும் வேளையிலே, மெலிந்த பையன் ஒருவன் வெறுங்காலோடு மலைச் சாலையிலே ஏறி வந்துகொண்டிருந்தான். அவன் நடந்திருந்தாலும் எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவன் ஓடியே வந்தான். "தம்பி, களைத்துப் போனாயே, இடையில் நின்று ஆறுதலாக வந்திருக்கலாமே" என்றேன். "நடுவுல நின்னுட்டா அப்புறம் காலு எழும்பாது சேர்" என்றான். நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றி நான் படித்த நூல்களின் சாரம் அவ்வளவும் அந்தப் பதிலில் இருந்தது.

பக்தி வாழ்விலும் இத்தகைய நடுவழி உண்டு. திருமுழுக்குப் பெற்ற புதிதிலே, தீட்சை பெற்ற புதிதிலே, உள்ளம் உருகும், வழிபாடு இனிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல இனிப்பு அற்றுப்போகும். செபம் வெறும் சொல்லாகத் தோன்றும். "கேட்பவர் எவரேனும் உளரோ" என்ற ஐயமும் எழும். கல்கத்தாவிலே அநாதைகட்கும் இறப்பின் வாயிலில் கிடந்தோர்க்கும் தாயாக விளங்கிய அன்னை திரேசா 1997இல் மறைந்தார். பத்து ஆண்டு கழித்து, 2007இல், அவர் தம் ஆன்மிகத் தந்தையருக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலம், இறைவனின் அண்மையை உணரமுடியாத இருளிலே அவர் வாழ்ந்திருக்கிறார்! வெளியே புன்னகை; உள்ளே வரட்சி. ஆயினும் ஒருநாளேனும் காலையில் எழுந்து நோயாளியின் புண்ணைக் கழுவாது விட்டாரில்லை.

சிலர் இதனைக் கேட்டு, "அவருக்கே நம்பிக்கை இல்லை" என்று நகைத்தனர். நெடுந்தூரம் ஓடிப் பழகியவன் நகைக்கமாட்டான். உற்சாகம் இருக்கும்போது ஓடுவதற்கு நம்பிக்கை வேண்டியதில்லை. உற்சாகம் தீர்ந்தபின் ஓடுவதற்குத்தான் அது வேண்டும்.

கழற்றி வைத்த பாரம்

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் என்று ஒன்று கிறிஸ்தவ மறைநூலில் உண்டு. எழுதியவர் பெயர் அதில் இல்லை. ஓட்டக்காரன் தன்னை அழுத்தும் பாரத்தை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையோடு ஓடவேண்டும் என்று அதில் வருகிறது. பாரம் எனின் பாவம் மட்டும் அன்று. பாவமல்லாத பாரமும் உண்டு. பதவி ஒரு பாரம். படிப்பின் பெருமை ஒரு பாரம். நாலுபேர் எழுந்து நின்று வணங்குவதும் ஒரு பாரம். இவற்றைக் கழற்றி வைத்தோர் இருவரை நம் ஊவா மாகாணம் கண்டிருக்கிறது.

ஒருவர் ஆயர் லியோ நாணயக்கார. ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான அவர் 1959இல் கண்டி மறைமாவட்டத்தின் ஆயரானார். பழைமையும் வசதியும் உள்ள பீடம் அது. 1972இல் ஊவாப் பகுதி கண்டியிலிருந்து பிரிக்கப்பட்டுப் பதுளை மறைமாவட்டம் உருவாயிற்று. பதுளை, மொனராகலை மாவட்டங்களைக் கொண்ட புதிய மறைமாவட்டம்; கிறிஸ்தவர் தொகையோ சிறிது; வருவாயோ குறைவு. புதியவர் ஒருவரை அங்கே அனுப்பிவிட்டுத் தாம் கண்டியிலேயே இருந்திருக்கலாம். அவரோ கண்டியை விட்டுப் பதுளையைத் தாமே தேர்ந்துகொண்டார். ஐம்பது வயதைக் கடந்தபின் மலையேறி வந்தார். குருவாக வரவிரும்பும் இளைஞர் மதிலுக்குள் இருந்து மட்டும் படித்தாற் போதாது, மக்களிடையே வாழ்ந்தும் கற்கவேண்டும் என்று பண்டாரவளையிலே சேவக செவன என்னும் பயிற்சி இல்லத்தை நிறுவினார். 1982இல் மறையும்வரை ஊவாவின் ஆயராகவே இருந்தார்.

மற்றவர் அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ. அமல மரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர். உரோமிலும் பாரிசிலும் பயின்று இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்ற அறிஞர். பல்கலைக்கழகங்கள் அவரை வரவேற்றிருக்கும். அவரோ 1980இல் புத்தலைக்கு அருகே ஏழைக் கமக்காரர் வாழும் பௌத்தக் கிராமத்திலே குடிலமைத்து வாழத் தொடங்கினார். எவரையும் மதம் மாற்றுவதற்காக அன்று. அம்மக்களிடமிருந்து கற்பதற்காகவும் அவர்களோடு உழைப்பதற்காகவும். நாடு கொந்தளித்துக் கிடந்த காலம் அது. அச்சுறுத்தல்கள் வந்தன, அவர் புத்தலையை விட்டு அகலவில்லை. 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் மாலை, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த வேளையிலே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவர்கள் ஓட்டத்தை இடையிலே துண்டித்துவிட்டது மரணம் என்று சொல்லலாமா? பவுலின் கணக்கிலே சொல்லலாகாது. எல்லைக்கோடு எங்கே வரையப்பட்டிருக்கிறது என்பது ஓடுகிறவன் கையில் இல்லை. அக்கோடு வரும்வரை ஓடிக்கொண்டிருந்தானா என்பதே கேள்வி.

பொறுமை என்னும் சொல்

இவ்விடத்திலே நேர்மையாக எழவேண்டிய வினா ஒன்று உண்டு. தோட்டத்து மக்களுக்குப் பொறுமையைப் போதிப்பதற்கு எவருக்கு உரிமை? இருநூறு ஆண்டாக எல்லோரும் அவர்களுக்குப் போதித்தது அதுதானே! துரை பொறுக்கச் சொன்னார். கங்காணி பொறுக்கச் சொன்னார். வாக்குக் கேட்டு வந்தவர்களும் பொறுக்கச் சொன்னார்கள். ஒரே லயன் அறையிலே மூன்று தலைமுறை பொறுத்திருந்தது. இனியும் பொறுமையைப் பற்றிப் பேசுதல் புண்ணிலே உப்பிடுவதாகாதா?

பொறுமை இருவகை. செக்குமாடும் பொறுமையுள்ளதே. விடிந்தது முதல் இருளும்வரை அது நடக்கும் தூரத்தை அளந்தால், மரதன் ஓட்டக்காரனையும் அது மிஞ்சிவிடும். ஆனால் அதன் கண் கட்டியிருக்கிறது. எத்தனை காதம் நடந்தாலும் தொடங்கிய இடத்தை விட்டு அது அகல்வதில்லை. அந்த நடையால் வரும் எண்ணெயும் அதற்குரியதன்று. ஓட்டக்காரனின் பொறுமை அத்தகையதன்று. அவன் கண் திறந்திருக்கிறது. எல்லை இது என்று அறிந்திருக்கிறான். ஒவ்வோர் அடியும் அவனை முன்னே கொண்டுசெல்கிறது. பவுல் போதித்தது ஓட்டக்காரனின் பொறுமையை. நமக்குப் பலரும் போதித்தது செக்குமாட்டின் பொறுமையை. இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதாலே நாம் மயங்கிவிடலாகாது.

கருணானந்த டோக்கியோவிலே தனியாக ஓடிய அதே 1964 ஒக்டோபர் மாதத்தின் 30ஆம் நாள், சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து நின்ற நம்மவர்களை இரு அரசுகள் எண்ணிப் பிரித்துக்கொண்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வதென முடிவு. அவ்வொப்பந்தத்தினால் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் போன குடும்பங்களை இந்த மலைகள் அறியும். நாடற்றோர் என்ற பெயர் சட்டத்தின் முன் நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு ஓட்டம்! தொடங்கியவர்களுட் பலர் முடிவைக் காணவில்லை. அவர்கள் ஓட்டம் வீணாயிற்றா?

எபிரேயருக்கான திருமுகம் இதற்கும் ஒரு விடை வைத்திருக்கிறது. முன்னே ஓடியவர்கள் வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலே மறைந்தார்கள். பின்னே வருகிறவர்கள் இன்றி அவர்கள் ஓட்டம் நிறைவு பெறாது என்கிறது அது. அம்முன்னோரே அரங்கைச் சூழ்ந்து நின்று இன்று ஓடுகிறவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். நம் பிள்ளைகள் மைதானத்தில் ஓடும் அஞ்சலோட்டம் போன்றது இது. முதலாமவன் எல்லையைத் தொடுவதில்லை, கோலைக் கைமாற்றுகிறான். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மகளின் அப்பியாசக் கொப்பியை மண்ணெண்ணெய் விளக்கொளியிலே பெருமையோடு பார்த்திருந்த தாய், எழுத்தறியாதவளாயினும், தன் சுற்றை ஓடி முடித்தவளே.

நம் நெறியும் அதுவே

சைவர்க்கு இக்கருத்து புதிதன்று. திருநாவுக்கரசர் கயிலைக்குச் சென்ற கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்திலே விரித்துரைக்கிறார். கால் தேய்ந்தபோது கையால் நகர்ந்தார். கை தேய்ந்தபோது மார்பால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது உருண்டார். முனிவர் வடிவிலே எதிர்ப்பட்ட இறைவன் "திரும்பிச் செல்க" என்றபோதும், காணாமல் மீளேன் என்றார். இறுதியிலே அவர் கயிலையை அடைந்தாரல்லர். பொய்கையில் மூழ்கித் திருவையாற்றிலே எழுந்து அங்கே கயிலைக் காட்சியைக் கண்டார். தூரத்தை அவர் முடிக்கவில்லை. தூரமே அவரிடத்தில் முடிந்தது.

கதிர்காமத்துப் பாதயாத்திரையையும் எண்ணிப் பாருங்கள். வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டுக் கீழ்க்கரை வழியே வாரக்கணக்காக நடந்து காட்டைக் கடந்து வருகிறார்கள் அடியார்கள். ஊவா மலைகளிலிருந்து நடந்து இறங்குவோரும் உளர். அங்கே முதலாவதாக வந்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கால் வீங்கியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார்கள். தண்ணீரைப் பகிர்ந்து குடிக்கிறார்கள். முந்தி வந்தவரும் பிந்தி வந்தவரும் ஒரே மாணிக்க கங்கையில் நீராடுகிறார்கள். பவுல் தம் முதுமையிலே கண்ட "எல்லோர்க்கும் வாகை" என்பதை நம்மவர் ஆண்டுதோறும் கால்நடையாகவே காட்டி வருகிறார்கள்.

ஆயினும் வீட்டுக்கு வந்ததும் நாம் இதை மறந்துவிடுகிறோம். பிள்ளை பாடசாலையிலிருந்து வந்தவுடன் "எத்தனையாம் பிள்ளை?" என்பதே நம் முதற் கேள்வி. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையிலே வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்தால், பத்து வயதுப் பிள்ளையின் முன்னே வீடே துக்கம் கொண்டாடுகிறது. பத்து வயதிலே முடிந்துவிடும் பந்தயமா வாழ்க்கை? அது முதற் சுற்றுக் கூட அன்றே! முதற் சுற்றிலே பிந்தியவன் என்று பெயர் சூட்டப்பட்ட பிள்ளை, சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே களத்தை விட்டு விலகிக் கொழும்புக் கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போய்விடுகிறது. வறுமை காரணம் என்கிறோம். வறுமையும் காரணமே, ஆனால் வறுமை மட்டும் காரணமன்று. "உன்னால் ஆகாது" என்று கடைசியாக வந்தவனைப் பார்த்து நகைத்த நகைப்பும் ஒரு காரணம். டோக்கியோ அரங்கிலே நகைப்புக் கைதட்டலாக மாறியது போல, நம் வீட்டுத் திண்ணையிலும் வகுப்பறையிலும் அது மாறவேண்டும்.

முதலிடத்தை இகழவேண்டும் என்று இங்கே சொல்லப்படவில்லை. திறமுள்ளவன் முந்தட்டும், அவனையும் வாழ்த்துவோம். ஆனால் முதலிடம் ஒன்றுதான். வகுப்பிலே நாற்பது பிள்ளைகள். ஒருவனுக்கு மட்டும் வாகை வைத்துக்கொண்டு நாற்பது பேரை ஓடச்சொல்லும் வீடும் பள்ளியும், முப்பத்தொன்பது பேருக்கு ஓட்டத்தை வெறுக்கக் கற்பிக்கின்றன.

ஆகவே, பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இந்த ஞாயிறன்று சொல்லத்தக்கது ஒன்றே. அடுத்த தவணை அறிக்கை வரும்போது, "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்குமுன், "தொடங்கியதை முடித்தாயா? போன தவணையை விட ஓர் அடியேனும் முன்னே வந்தாயா?" என்று கேளுங்கள். பிள்ளை "ஓம்" என்றால், கூடையை இறக்கிவிட்டுக் கைதட்டுங்கள். களைத்துப் பின்தங்கிய பிள்ளையாயின் அதன் பக்கத்திலே சில அடி தூரம் கூட நடந்து செல்லுங்கள். நெடுந்தூரம் ஓடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.